காவிரிக்கரைப் பாதைகள் – 17: சாலைக்கு மட்டும் திறந்திருந்த வாசல்

2022-ஆம் ஆண்டு மேட்டூர் அணை மே 24-ஆம் தேதியே திறக்கப்பட்டது. வழக்கமான நாள் ஜூன் 12. சுதந்திரத்துக்குப் பிறகு மே மாதத்திலேயே பாசனத்துக்குத் தண்ணீர் விட்டது அதுதான் முதல் தடவை. அந்த ஆண்டு டெல்டாவில் குறுவை ஓடி முடிந்து, அறுத்த கையோடு தாளடிக்கு உழுதார்கள். மற்ற நிலங்களில் சம்பா நட்டார்கள். நவம்பரில் எங்கு பார்த்தாலும் பச்சை. அப்படி நின்ற பயிரின் மேல்தான் கண்டியூர்ப் பக்கத்தில் மண்ணைக் கொட்டினார்கள்.

திருவையாற்றுக்குப் புறவழிச்சாலை போடும் வேலை அது. டிப்பர் லாரிகள் மண்ணைக் கவிழ்க்க, பொக்லைன் அதைப் பயிரோடு சேர்த்து நிரவியது. வயல்காரர்கள் சேற்றில் இறங்கி இயந்திரத்தை மறித்தார்கள். விவசாய சங்கத்தார் வந்தார்கள், போலீஸும் வந்தது. நிலம் ஏற்கெனவே கையகப்படுத்தியாகிவிட்டது, இழப்பீடும் நிர்ணயித்தாகிவிட்டது என்பது அதிகாரிகள் பக்கத்துப் பேச்சு. அறுக்கிற வரையாவது விடுங்கள், முடிந்தால் பாதையை மாற்றுங்கள் என்பது வயல்காரர்கள் பக்கத்துப் பேச்சு. மறியலால் வேலை தடைப்பட்டது, பிறகு தொடர்ந்தது.

நிற்கிற பயிரில் மண் கொட்டியதை வெறும் நிர்வாக நடவடிக்கையாக எழுதிவிட்டு என்னால் மேலே போக முடியவில்லை. அடுத்தவர் பயிரில் வாய் வைத்த மாட்டைப் பட்டியில் அடைத்துத் தண்டம் வாங்கிய ஊர்கள் இவை. பயிர் யாருடையதாக இருந்தாலும் அது நிற்கும்வரை அதற்கு ஒரு மரியாதை உண்டு. அரசாங்கம் அந்த மரியாதையைக் கொடுத்திருக்க வேண்டும். இரண்டு மாதம் பொறுத்திருந்தால் கதிர் அறுத்துக் களத்துக்குப் போயிருக்கும்.

ஆனால் இந்தத் தொடரைப் படித்துவருகிறவர்களுக்குத் தெரியும், டெல்டாக்காரர்கள் சாலைக்கோ தண்டவாளத்துக்கோ எதிரிகளாக என்றும் இருந்ததில்லை. கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா கம்பெனி 1861-62-இல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூர் வழியாகத் திருச்சிக்கு ரயில் விட்டது. அதைப் பார்த்த பிறகு தஞ்சாவூர் ஜில்லா போர்டு நிலத் தீர்வையோடு ரயில்வேக்கென்று ஒரு தனி வரியும் சேர்த்து வசூலித்தது. அந்தப் பணத்தில் மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டைக்குப் போட்ட பாதை 1894-இல் ஓடத் தொடங்கியது. சொந்த வரிப்பணத்தில் தங்களுக்கு ரயில் போட்டுக்கொண்ட ஜில்லா இது. திருவையாற்றுக்கும் புறவழி தேவையில்லை என்று யாரும் சொல்லவில்லை. தஞ்சாவூரிலிருந்து கிளம்பினால் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்தையும் தாண்டி ஊருக்குள் நுழைய வேண்டும். நுழைந்தால் ஐயாறப்பர் கோயிலைச் சுற்றிய தெருக்களில் பேருந்தும் லாரியும் ஒன்றுக்கொன்று வழி விட முடியாமல் நிற்கும். தியாகராஜர் ஆராதனை நாட்களில் சொல்லவே வேண்டாம். ஆம்புலன்ஸ் சிக்கிக்கொண்டு நிற்பதைப் பார்க்கிற ஊர்க்காரனுக்குப் புறவழியின் அருமை யாரும் எடுத்துச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சச்சரவு முழுக்கப் பாதை எந்தப் பக்கம் போகிறது என்பதில்தான். அதைக் கேட்க யாருக்கு உரிமை உண்டு என்பதில்தான்.

பழைய பாதைகளைப் பாருங்கள். டெல்டாவில் மேடு என்று இருப்பது ஆற்றின் கரையும் வாய்க்காலின் கரையும்தான். வண்டிப்பாதை அந்தக் கரைமேல் போனது. அதற்கென்று தனியாக மேடு கட்ட வேண்டியிருக்கவில்லை, வயலும் வீணாகவில்லை. ஆறுகள் மேற்கிலிருந்து கிழக்கே கடலுக்குப் போகின்றன, பாதையும் அவற்றோடு கூடவே போயிற்று. 1861-இன் தண்டவாளமும் பெரும்பாலும் அதே திசைதான். 1894-இன் மாயவரம் பாதை வடக்கிலிருந்து தெற்கே இறங்கியதால் வழியெல்லாம் ஆற்றையும் வடிகாலையும் குறுக்கே தாண்ட வேண்டியிருந்தது.

புதிய நெடுஞ்சாலைகள் வயலுக்கு நடுவே, தாமே ஒரு கரையாக எழும்பி வருகின்றன. இந்தக் கரைக்குப் பக்கத்தில் ஆறு கிடையாது. விக்கிரவாண்டியிலிருந்து சேத்தியாத்தோப்பு, சோழபுரம் வழியாகத் தஞ்சாவூர் வரும் நான்கு வழிச்சாலை சுமார் 165 கிலோமீட்டர். முன்பு 45-சி என்று எண் போட்டிருந்தார்கள், இப்போது 36. அணைக்கரைப் பக்கத்தில் கொள்ளிடத்தைத் தாண்டி டெல்டாவுக்குள் இறங்கியதிலிருந்து அது தண்ணீரின் போக்கைக் குறுக்கே அறுத்துக்கொண்டுதான் வந்தாக வேண்டும். அந்தத் திசையில் வேறு வழியே இல்லை.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் எதிர்ப்பின் வேர் இதில்தான் இருக்கிறது. டெல்டா வயலின் சரிவு கண்ணுக்குத் தெரியாது. ஆற்றிலிருந்து வாய்க்கால், வாய்க்காலிலிருந்து கிளை வாய்க்கால், அதிலிருந்து கண்ணி வாய்க்கால், அங்கிருந்து மடை வழியாக ஒரு வயல். அந்த வயலில் நிறைந்தது வரப்பு வாய் வழியே அடுத்த வயலுக்கு. கடைசியில் மிஞ்சுவது வடிகாலுக்கு, வடிகாலிலிருந்து அடுத்த ஊர் வாய்க்காலுக்கு. ஒரு ஊரின் வடிகால் அடுத்த ஊருக்குப் பாசனம். இந்த வலைக்குள் குறுக்கே ஓர் ஆள் உயர மண் மேடு போட்டால் மேல் பக்கம் நீர் தேங்கும், கீழ்ப் பக்கம் நீர் வராது. பொறியாளர்களுக்கும் இது தெரியும். அதற்காகத்தான் பாலமும் குழாயும் வைக்கிறார்கள். ஆனால் வரைபடத்தில் பெயர் உள்ள வாய்க்காலுக்குத்தான் பாலம் கிடைக்கிறது. இரண்டு குடும்பத்து வயலுக்கு இடையே ஓடும் கண்ணி வாய்க்கால் எந்த வரைபடத்திலும் இல்லை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் குழாயின் வாயில் ஆகாயத்தாமரையும் வைக்கோலும் வந்து அடைத்துக்கொண்டால், மேல் பக்கத்து வயல் நாள் கணக்கில் தண்ணீருக்குள் கிடக்கும். இளம் பயிர் மூழ்கி அழுகிப்போக அது போதும்.

ஆகவே சாலைக்கு நிலம் கொடுத்தவர் மட்டும் பாதிக்கப்பட்டவர் இல்லை. ஒரு சென்ட் கூடப் போகாத பக்கத்து வயல்காரரும், அரை மைல் தள்ளியிருக்கும் கடைமடைக்காரரும் பாதிக்கப்படுகிறார்கள். அவர்கள் எங்கே போய்ச் சொல்வது? தேசிய நெடுஞ்சாலைச் சட்டம் 1956-இன்படி நிலம் எடுக்கப்போவதாக அறிவிக்கை வரும், அதன் சாரத்தை இரண்டு நாளிதழில் போடுவார்கள், 21 நாளுக்குள் ஆட்சேபம் சொல்லலாம். சொல்லக்கூடியவர் அந்த நிலத்தில் உரிமை உள்ளவர். தண்ணீரில் உரிமை உள்ளவரைப் பற்றி அதில் பேச்சே இல்லை.

உரிமை உள்ளவர் என்பதிலும் டெல்டாவில் ஒரு சிக்கல் உண்டு. கோயில் நிலம், மடத்து நிலம், வெளியூரில் இருக்கும் மிராசுதார் நிலம் என்று எவ்வளவோ நிலத்தைக் குத்தகைக்காரர்கள்தான் உழுகிறார்கள். 1952-இல் ராஜாஜி அரசு தஞ்சாவூர் ஜில்லாவுக்கென்றே குத்தகைக்காரர்களையும் பண்ணையாட்களையும் காக்க ஓர் அவசரச் சட்டம் கொண்டுவந்தது. 1969-இல் குத்தகை உரிமையைப் பதிவு செய்யவும் சட்டம் வந்தது. இருந்தும் வாய்வார்த்தைக் குத்தகை இன்னும் போகவில்லை. பதிவில் பெயர் இல்லாதவர், மூன்று தலைமுறையாக உழுத வயலில் சாலைக் கல் நட்டதைப் பார்த்துக்கொண்டு நிற்பார். இழப்பீட்டுக் கோப்பில் அவர் பெயர் இருக்காது. நாற்று நட்ட பெண்களுக்கோ எந்தக் கோப்பிலும் இடமே கிடையாது.

இதற்கிடையே ஒரு சாலை விலகிப் போன கதையையும் சொல்ல வேண்டும். கும்பகோணத்துக்கு வடக்கே, அணைக்கரை போகும் வழியில் மானம்பாடி. அங்கே நாகநாதசுவாமி கோயில் முதலாம் இராசேந்திரன் காலத்துக் கற்றளி. நான்கு வழிச்சாலைத் திட்டம் பேச்சில் இருந்த 2010-களின் தொடக்கத்தில் சாலை அகலமாகும்போது இந்தக் கோயில் போய்விடும் என்ற நிலை வந்தது. ஊர்க்காரர்கள் எதிர்த்தார்கள். கல்வெட்டு, சிற்பம் என்று அலைகிற ஆர்வலர்கள் சேர்ந்துகொண்டார்கள். பத்திரிகைகள் எழுதின. ஆயிரம் வருஷத்துக் கோயிலை இடித்துச் சாலையா என்ற கேள்விக்கு யாராலும் பதில் சொல்ல முடியவில்லை. பாதை கோயிலை விட்டு ஒதுங்கியது.

அது நல்ல முடிவு. அந்தக் கோயிலைக் காத்தவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் அந்தக் கோயிலுக்கு இராசேந்திரன் காலத்தில் நெல் அளந்த வயலுக்கும் ஆயிரம் வயதுதான். அது கல்லில் இல்லாததால் அதன் வயதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. பாதையை மாற்ற முடியாது, அளவெடுத்தாயிற்று, திட்ட அறிக்கை முடிந்தாயிற்று என்ற பதில் வயல்காரருக்குத் திரும்பத் திரும்பக் கிடைக்கிறது. மாற்ற முடியும் என்பதற்கு மானம்பாடியே சாட்சி.

வயலைக் காக்க நாட்டில் சட்டமே இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. வரிசையாகப் பார்ப்போம்.

2013-ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தும் சட்டத்தின் பத்தாம் பிரிவைப் படிக்கிறபோது மனம் குளிரும். பல போகம் விளையும் பாசன நிலத்தை எடுக்கக் கூடாது. வேறு வழியே இல்லையென்றால் கடைசிப் புகலாக மட்டும் எடுக்கலாம். எடுத்தால் அதே அளவு தரிசைப் பண்படுத்திக் கொடுக்க வேண்டும், இல்லையேல் நிலத்தின் மதிப்பை விவசாயத்துக்கென்று கட்ட வேண்டும். இவ்வளவும் சொல்லிவிட்டு அந்தப் பிரிவு கடைசியில் ஒரு வரி சேர்க்கிறது. ரயில்வே, நெடுஞ்சாலை, மாவட்டப் பெருஞ்சாலை, பாசனக் கால்வாய், மின்பாதை போன்ற நீளவாக்குத் திட்டங்களுக்கு இது எதுவும் பொருந்தாது. போதாததற்குத் தேசிய நெடுஞ்சாலைச் சட்டமே நான்காவது அட்டவணையில் விலக்குப் பெற்றிருந்தது. 2015-இல் இழப்பீடும் மறுவாழ்வும் பற்றிய விதிகள் மட்டும் அதற்கும் நீட்டப்பட்டன. வயலைக் காக்கும் பிரிவு நீட்டப்படவில்லை.

அடுத்தது மாநிலம். தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டம் 2001-ஐயும் வேறு இரண்டு மாநிலச் சட்டங்களையும் மத்தியச் சட்டத்தின் பிடியிலிருந்து விலக்கி 2014-இல் 105-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். 2019 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த மாநிலச் சட்டங்கள் செல்லாது என்றது. அதே ஆண்டு சட்டப்பேரவை பழைய சட்டங்களுக்குப் புதிய சட்டத்தால் உயிர் கொடுத்தது. 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லும் என்றுவிட்டது.

மூன்றாவது, டெல்டாவே போராடி வாங்கியது. மன்னார்குடி வட்டாரத்து மீத்தேன் திட்டத்தை எதிர்த்து ஊர் ஊராகப் போனவர் இயற்கை விவசாய முன்னோடி நம்மாழ்வார். அந்தப் பிரசாரத்திலேயே 2013 டிசம்பர் 30-ஆம் தேதி உயிர்விட்டார். 2017-இல் நெடுவாசலில் போராட்டம், அதே ஆண்டு கதிராமங்கலத்தில். இவ்வளவு பேரும் கொடுத்த அழுத்தத்தில் 2020 பிப்ரவரியில் அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்தார், அந்த மாதமே சட்டமும் நிறைவேறியது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களும் கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் சில வட்டாரங்களும் அதற்குள் வந்தன. துத்தநாக, தாமிர உருக்காலை, தோல் பதனிடும் ஆலை, கப்பல் உடைப்பு, எண்ணெய், மீத்தேன், ஷேல் எரிவாயு எல்லாம் தடைப் பட்டியலில் உண்டு. சாலை இல்லை. நிலத்துக்கு அடியில் துளை போடுகிறவனிடமிருந்து வயலைக் காத்த சட்டத்துக்கு, மேலே மண் கொட்டுகிறவனைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. அது நிறைவேறி மூன்று ஆண்டு ஆவதற்குள் கண்டியூரில் லாரி இறங்கியது.

மூன்று சட்டத்திலும் சுவர் கட்டி, மூன்றிலும் சாலைக்கு மட்டும் வாசல் விட்டிருக்கிறோம். இது கவனக்குறைவால் நேர்ந்ததாக எனக்குத் தோன்றவில்லை. சாலை என்றால் எல்லோருக்கும் நன்மைதான், அதில் கேள்வி எதற்கு என்ற எண்ணம் சட்டம் எழுதுகிறவர்களின் மனத்தில் ஆழமாக உட்கார்ந்திருக்கிறது. கிராமத்தான் மனத்திலும் அந்த எண்ணம் உண்டு. அதனால்தான் மீத்தேனுக்கு எதிராகத் திரண்ட கூட்டம் சாலைக்கு எதிராகத் திரளவில்லை. கண்டியூரில் நின்றவர்களில் பெரும்பாலோர் நிலம் போனவர்களும் சங்கக்காரர்களும்தான். அடுத்த ஊர் பேருந்து ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு போயிற்று.

இந்த வாசலை ஒரு தேசம் அடைத்தது எப்படி என்பதற்கு அமெரிக்காவில் ஒரு பழைய வழக்கு இருக்கிறது. டென்னஸி மாநிலத்தில் மெம்பிஸ் நகரம், மிசிசிப்பி ஆற்றங்கரை. ஊருக்கு நடுவே ஓவர்ட்டன் பார்க், 342 ஏக்கர். அதில் விலங்குக் காட்சிசாலை உண்டு. கோடரி படாத பழங்காடும் உண்டு. நாட்டைக் கிழக்கும் மேற்குமாக இணைக்கும் இன்டர்ஸ்டேட் 40 சாலைக்கு 1950-களில் இந்தப் பூங்காவுக்குள் கோடு போட்டார்கள். போகப்போவது 26 ஏக்கர்தானே என்றார்கள். 1957-இலிருந்தே அக்கம்பக்கத்தார் எதிர்த்தார்கள். அவர்களை டென்னிஸ் ஷூ மாட்டிய கிழவிகள் என்று ஏளனம் செய்தார்கள். பூங்காவின் இரு பக்கமும் வீடுகளை வாங்கி இடித்தும் விட்டார்கள். சாலை பூங்காவின் வாசல் வரை வந்தாயிற்று, இனி நிறுத்தவா முடியும் என்ற நிலை.

நிறுத்த முடிந்தது. 1966-இல் அமெரிக்கக் காங்கிரஸ் போக்குவரத்துத் துறைக்கென்று இயற்றிய சட்டத்தில், செய்யக்கூடியதும் விவேகமானதுமான மாற்றுவழி இருக்கிறவரை பொதுப் பூங்கா வழியாகச் சாலை போடப் பணம் தரக் கூடாது என்று எழுதியிருந்தது. ஊர்க்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டு வழக்குப் போட்டார்கள். 1971 மார்ச் 2-ஆம் தேதி உச்ச நீதிமன்றத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி தர்குட் மார்ஷல். பூங்கா வழியே போனால் செலவு குறைவுதான், வீடுகளை இடிக்க வேண்டியதில்லைதான், ஆனால் அந்தச் சமாதானம் எப்போதும் கிடைக்கக்கூடியது, அதை ஏற்றால் சட்டத்துக்கே பொருள் இல்லாமல் போகும் என்பது அவர் வாதத்தின் சாரம். மாற்றுவழியை உண்மையிலேயே ஆராய்ந்தாயா என்று போக்குவரத்துச் செயலரைக் கேட்டது நீதிமன்றம். அதற்குப் பிறகும் பத்து வருஷம் இழுத்தது. 1981-இல் மாநில அரசே அந்தத் துண்டைக் கைவிட்டது. இன்றைக்கு அந்தச் சாலை நகரின் வடக்கு வளையத்தைச் சுற்றிப் போகிறது. பழங்காடு 2011-இல் மாநிலப் பாதுகாப்புப் பெற்றது.

மெம்பிஸில் வழக்குப் போட்டவர்களில் எவருக்கும் பூங்காவில் பட்டா கிடையாது. அங்கே நடந்தவர்கள், அதன் பக்கத்தில் குடியிருந்தவர்கள். அவர்களுக்குக் கேட்கும் உரிமை இருந்தது, பதில் சொல்ல வேண்டிய கடமை அரசுக்கு இருந்தது. கடைமடைக்காரருக்கு நாம் கொடுக்காமல் வைத்திருப்பது அந்த உரிமைதான்.

தமிழ்நாட்டிலும் ஒரு தடவை கதவு பாதி மூடியது. 2018-இல் வந்த சென்னை–சேலம் எட்டு வழிச்சாலை, 277 கிலோமீட்டர், ஐந்து மாவட்டங்கள், சுமார் பத்தாயிரம் கோடி. வயலில் கல் நட்டதற்கு எதிராக எழுந்த கொதிப்பு எல்லோருக்கும் நினைவிருக்கும். 2019 ஏப்ரல் 8-ஆம் தேதி உயர் நீதிமன்றம் நிலம் எடுக்கும் அறிவிக்கைகளை ரத்து செய்தது, சுற்றுச்சூழல் அனுமதி முதலில் வேண்டும் என்றது. 2020 டிசம்பர் 8-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, அறிவிக்கைக்கு முன் அனுமதி தேவையில்லை, வேலை தொடங்குமுன் இருந்தால் போதும் என்றது. என்றாலும் அந்தச் சாலை இன்றுவரை வரவில்லை. அதன் நீளமே அதை எல்லோர் கண்ணிலும் பட வைத்தது. திருவையாற்றின் சில கிலோமீட்டர் புறவழி யார் கண்ணிலும் படவில்லை.

2025 ஜூலை 26-ஆம் தேதி தூத்துக்குடியில் நடந்த விழாவில் பிரதமர் நரேந்திர மோடி சேத்தியாத்தோப்பு–சோழபுரம் பகுதியை நாட்டுக்கு அர்ப்பணித்தார். ஐம்பது கிலோமீட்டர், 2,350 கோடி ரூபாய்க்கு மேல், கொள்ளிடத்தின் மேல் ஒரு கிலோமீட்டர் நீள நான்கு வழிப் பாலம், பயண நேரத்தில் 45 நிமிடம் மிச்சம் என்று கணக்குச் சொன்னார்கள். மிச்சமாகும் நேரம் உண்மைதான். அந்தப் பாதையில் போகிற எவரும் அதை அனுபவிப்பார். இதோடு இன்னொரு கணக்கும் எடுக்க வேண்டும். சாலை வந்த பிறகு ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழையிலும் அதன் மேல் பக்கத்து ஊர்களில் வயல் வடிய எத்தனை நாள் ஆகிறது, முன்பு எத்தனை நாள் ஆயிற்று? நீர்வளத் துறையின் பாசன உதவியாளரும் ஊர் கிராம நிர்வாக அலுவலரும் உட்கார்ந்தால் இரண்டு பருவத்தில் எடுத்துவிடலாம். எந்த இடத்தில் குழாய் சிறிது, எந்த இடத்தில் பாலம் வேண்டும் என்று அதிலிருந்தே தெரிந்துவிடும். போட்ட சாலையைப் பெயர்க்க யாரும் கேட்கவில்லை. அதற்கு அடியில் தண்ணீர் போக வழி கேட்கிறார்கள். அதை அடுத்த மழைக்கு முன் செய்து கொடுக்கலாம்.

கொள்ளிடத்துக்கு வடக்கே இதே சாலை வீராணம் ஏரிக்குப் பக்கத்தில் போகிறது. 2004-லிருந்து சென்னைக்குக் குடிநீர் கொடுக்கும் அந்த ஏரியின் கரையில் பாதைகள் எப்போது வந்தன, யார் போட்டார்கள் என்பதை அடுத்த இதழில் பார்ப்போம்.